முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணி: வேலையையும் உடலையும் காத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, நள்ளிரவில் எழுந்து தடுமாறுபவரைத் தாங்கிப் பிடிப்பது என்று முதியோர் இல்லங்களில் நாள்தோறும் உழைக்கும் பராமரிப்புப் பணியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். பணிச்சூழல் ஒரு சிக்கல், வேலைக்கு உத்தரவாதம் இல்லாமை இன்னொரு சிக்கல் என்று இரண்டையும் தனித்தனியே பேசுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பணியில் இருந்தவர்களுக்கு அவை ஒரே முடிச்சின் இரு நுனிகள் என்பது தெரியும். அடுத்த வாரப் பணி அட்டவணையில் தன் பெயர் இருக்குமா என்று தெரியாத ஒருவர், இன்றிரவு நாற்பது பேரை இரண்டே பேர் பார்த்துக்கொள்ள இயலாது என்று மேலாளரிடம் சொல்லத் தயங்குவார். அவர் சொல்லாததால் ஆள் பற்றாக்குறை வெளியே தெரிவதில்லை. தெரியாததால் அது நீடிக்கிறது. நீடிப்பதால் ஒருநாள் ஒரு பெரியவர் கீழே விழுகிறார், அதற்கு அன்றிரவு பணியில் இருந்தவரே பொறுப்பாக்கப்பட்டு வேலையை இழக்கிறார்.

இந்த முடிச்சை அவிழ்க்கத் தனியொரு பணியாளரின் கையில் இருக்கும் முதல் கருவி, உண்மையை உரிய நேரத்தில் எழுதிவைப்பது. கீழே சொல்லப்படும் பெரும்பாலான வழிகள் அதிலிருந்தே கிளைக்கின்றன. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடும். எனவே உங்கள் நாட்டுத் தொழிலாளர் துறையிடமோ தொழிற்சங்கத்திடமோ சரிபார்த்துக்கொள்ள வேண்டிய இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

கையெழுத்திடும் முன்

வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கும் இல்லங்கள் நேர்காணல் நடந்த அன்றே பணியில் சேரச் சொல்வதுண்டு. அந்த அவசரம் அவர்களுடையது. நீங்கள் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க ஒரு நாள் கேட்பதில் தவறில்லை. ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத் தொகையை அல்ல, உங்களுக்குச் சம்பளம் தரப்போவது யார் என்பதையே. இல்லத்தின் பெயர் ஒன்றாகவும், நியமன ஆணையில் உள்ள நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருந்தால், நீங்கள் ஏஜென்சி வழியாகவோ துணை ஒப்பந்ததாரர் வழியாகவோ எடுக்கப்படுகிறீர்கள் என்று பொருள். அப்போது விடுப்பு, விபத்து இழப்பீடு, பணிநீக்க முன்னறிவிப்பு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இல்லம் ஏஜென்சியையும் ஏஜென்சி இல்லத்தையும் மாறிமாறிக் கைகாட்டும் நிலையில்தான் பலர் தங்கள் சம்பள நிலுவையை இழந்திருக்கிறார்கள்.

அடுத்தது உத்தரவாதமான மணிநேரம். ‘தேவைக்கேற்ப’ என்ற ஒரே சொல்லில் முழு வாழ்க்கையும் தொங்கும் ஒப்பந்தங்கள் உண்டு. படுக்கைகள் காலியானால் ஷிப்டுகள் வெட்டப்படும். ஒருவர் இறந்த வாரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டவருக்குத் துக்கத்தோடு வருமான இழப்பும் சேர்ந்து வரும். வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணிநேரம் நிச்சயம், வேலைக்கு வந்தபின் திருப்பி அனுப்பினால் சம்பளம் உண்டா, எத்தனை நாளுக்கு முன் அட்டவணை தரப்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுத்தில் இருக்க வேண்டும். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அதை நீட்டிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டா என்பதையும் பாருங்கள். முடிவே இல்லாமல் நீட்டிக்கப்படும் தகுதிகாண் காலம் நிரந்தரமின்மைக்கு இன்னொரு பெயர்தான்.

‘சுயதொழில் செய்பவர்’ என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தைக் கண்டால் நின்று நிதானியுங்கள். சீருடை அவர்கள் தருவது, நேரம் அவர்கள் குறிப்பது, யாரை எப்போது குளிப்பாட்ட வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வது என்றால் நீங்கள் ஊழியர். தாளில் உள்ள பெயர் அதை மாற்றாது. பணி உறவை, ஒப்பந்தத்தின் தலைப்பைக் கொண்டு அல்லாமல், வேலை உண்மையில் நடக்கும் விதத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. பல நாட்டு நீதிமன்றங்களும் அவ்வாறே பார்க்கின்றன.

பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் தொகை எவ்வளவு, எத்தனை மாதம் பணிபுரிந்தால் அது குறையும், நிர்வாகமே உங்களை நீக்கினாலும் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் அந்த இல்லத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

உங்களுக்கென்று ஒரு குறிப்பேடு

சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பக்கங்கள் தைக்கப்பட்டதாக இருப்பது நல்லது. தனித்தாள்களை எப்போது வேண்டுமானாலும் எழுதிச் சேர்த்திருக்கலாம் என்று பின்னர் வாதிடுவார்கள். ஒவ்வொரு பணிநாள் முடிவிலும் அன்றைய தேதி, வந்த நேரம், உண்மையில் புறப்பட்ட நேரம், இடைவேளை கிடைத்ததா, அந்தத் தளத்தில் எத்தனை முதியவர்கள், எத்தனை பணியாளர்கள், தூக்கு இயந்திரம் வேலை செய்ததா, வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது, அதை யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், அவர் என்ன பதில் தந்தார் என்பவற்றை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். கோபத்தையும் கருத்தையும் அதில் எழுத வேண்டாம். ‘மேற்பார்வையாளர் அலட்சியமாக இருந்தார்’ என்ற வரியைவிட, ‘இரவு 11.20க்கு மேற்பார்வையாளரிடம் ஆள் போதவில்லை என்றேன். சமாளித்துக்கொள்ளச் சொன்னார்’ என்ற வரிக்கு நூறு மடங்கு வலு உண்டு.

இதில் ஒரு கடுமையான எச்சரிக்கை தேவை. முதியவர்களின் பெயர், நோய், அறை எண் எதையும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதக் கூடாது. அவர்களைப் படம் எடுக்கவே கூடாது. புண்ணையோ காயத்தையோ ஆதாரத்துக்காக என்று எடுத்தாலும் அது அந்தரங்க மீறலாகக் கருதப்பட்டு உங்களையே வெளியேற்றும் காரணமாகிவிடும். பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும். முதியவரைப் பற்றிய விவரம் இல்லத்தின் பராமரிப்புப் பதிவேட்டுக்கு உரியது. உங்கள் வேலை நிலைமையைப் பற்றிய விவரம் மட்டுமே உங்கள் நோட்டுக்கு உரியது. இந்தக் கோட்டைத் தாண்டாதவரை அந்த நோட்டு யாரிடமும் மறைக்க வேண்டிய பொருள் அல்ல.

சம்பளச் சீட்டுகள், பணி அட்டவணைகள், அட்டவணை மாற்றம் பற்றி வந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றை மாதவாரியாக வீட்டில் சேர்த்துவையுங்கள். இல்லத்தின் கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ மட்டும் அவை இருந்தால், நீக்கப்பட்ட நாளன்று கடவுச்சொல்லோடு சேர்ந்து ஆதாரமும் போய்விடும்.

செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், நீர் கொடுத்த அளவைக் குறிக்க வேண்டும், டயப்பர் மாற்றிய நேரத்தை எழுத வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டவணைத் தாள் இருக்கும். ஆள் போதாத இரவில் அவற்றில் பாதியைச் செய்ய முடியாமல் போகும். ஆனால் விடியற்காலையில் எல்லாக் கட்டங்களிலும் கையொப்பம் இருக்கும். நான் இந்தப் பணிக்கு வந்த முதல் ஆண்டில், மூத்த பணியாளர் ஒருவர் என்னிடம் பேனாவைக் கொடுத்து, இரவு முழுவதற்குமான கட்டங்களை ஐந்தே நிமிடத்தில் நிரப்பக் கற்றுக்கொடுத்தார். அவர் கெட்டவர் அல்லர். கட்டம் காலியாக இருந்தால் மெமோ வரும் என்பதைப் பட்டு அறிந்தவர். நானும் சில வாரங்கள் அப்படியே நிரப்பினேன். பிறகு, நாங்கள் ‘திருப்பிப் படுக்கவைத்ததாக’ எழுதியிருந்த ஒரு பாட்டியம்மாவுக்கு இடுப்பெலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப்புண் வந்தது. தாளில் எல்லாம் சரியாக இருந்ததால், அந்தப் புண் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இல்லம் பதில் சொல்ல வேண்டியதாகவே இருக்கவில்லை. கையொப்பமிட்டவர்கள் நாங்கள்தான்.

பொய்யான கையொப்பம் ஆள் பற்றாக்குறையை அழித்து எழுதிவிடுகிறது. மருத்துவர் அந்தத் தாளை நம்பிச் சிகிச்சையை முடிவு செய்கிறார். ஆய்வாளர் அதைப் பார்த்து இல்லம் நன்றாக நடக்கிறது என்று அறிக்கை எழுதுகிறார். நிர்வாகம் அதைக் காட்டி இரண்டு பேரே போதும் என்கிறது. வழக்கு என்று வந்தால் பொய் எழுதியவர் பணியாளர் என்றாகிறது. எனவே செய்ததைச் செய்த நேரத்தோடு எழுதுங்கள். செய்ய முடியாததை, ‘2 மணிக்குத் திருப்பிப் படுக்கவைக்க இயலவில்லை, மற்றொருவர் விழுந்ததால் அங்கே இருந்தேன், 3.10க்குத் திருப்பினேன், பொறுப்புச் செவிலியரிடம் தெரிவித்தேன்’ என்று எழுதுங்கள். இப்படி எழுதத் தொடங்கும் முதல் சில நாட்களில் அழுத்தம் வரும். கட்டத்தை நிரப்பச் சொல்லி வாய்மொழியாக உத்தரவிட்டால், அதை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் தர மாட்டார்கள், கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆள் போதாத ஷிப்டில்

எத்தனை பேர் இருந்தால் போதும் என்பது வெறும் உணர்வு சார்ந்த கேள்வி அல்ல. அமெரிக்க அரசின் சுகாதாரக் காப்பீட்டு நிர்வாகத்துக்காக 2001இல் முடிக்கப்பட்ட ஆய்வு, நெடுங்காலம் தங்கியிருக்கும் முதியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4.1 மணிநேரச் செவிலியப் பராமரிப்பும், அதில் 2.8 மணிநேரம் பராமரிப்புப் பணியாளரின் உழைப்பும் இல்லையென்றால் தரம் குறையும் அபாயம் இருப்பதாகக் கண்டது. அது உங்கள் நாட்டுச் சட்டம் ஆகாது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். தளத்தில் 30 பேர் என்றால் 84 மணிநேரம். எட்டு மணிநேர ஷிப்டாகப் பிரித்தால், பகலும் இரவும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு ஷிப்டுகள். உங்கள் இல்லத்தில் அது ஐந்தாகவோ ஆறாகவோ இருந்தால், நீங்கள் மெதுவாக வேலை செய்பவர் அல்லர் என்பதை முதலில் நீங்களே நம்பத் தொடங்கலாம்.

ஷிப்ட் தொடங்கும்போதே ஆள் குறைவு என்று தெரிந்தால், பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே அதைச் சொல்லுங்கள். ஏதாவது நடந்தபின் சொன்னால் அது சாக்காகிவிடும். சொல்லும் விதமும் முக்கியம். ‘என்னால் முடியாது’ என்பதைவிட, ‘இன்று இருவர் இருக்கிறோம், இருவர் சேர்ந்து தூக்க வேண்டியவர்கள் ஒன்பது பேர், எல்லோரையும் குளிப்பாட்ட இயலாது, எவற்றை முதலில் செய்ய வேண்டும், எவற்றை ஒத்திவைக்கலாம் என்று சொல்லுங்கள்’ என்று கேட்பது நல்லது. முடிவெடுக்கும் பொறுப்பு அதற்குச் சம்பளம் வாங்குபவரிடம் திரும்பிச் செல்கிறது. வேலையை மறுத்தவர் என்ற பெயரும் உங்களுக்கு வராது. பதில் வராவிட்டால் உயிருக்கு ஆபத்தானவற்றை முதலில் வையுங்கள்: விழக்கூடியவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், மருந்து நேரம், புண் வரக்கூடியவர்கள். தலைவாருவதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் காத்திருக்கலாம்.

எவ்வளவு மனம் கொதித்தாலும் பாதி ஷிப்டில் யாரிடமும் ஒப்படைக்காமல் வெளியேறாதீர்கள். முதியவர்களைக் கைவிட்டுச் சென்றார் என்ற குற்றச்சாட்டு நிர்வாகத்துக்கு அதைவிட எளிதாகக் கிடைக்காது. சான்றிதழோ பதிவோ உள்ள பணியாளருக்கு அதுவும் பறிபோகலாம். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராமல் உங்களையே தொடர்ந்து நிற்கச் சொன்னால், எத்தனை மணிவரை நிற்க முடியும் என்று நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லி, அதற்குள் மாற்று ஏற்பாடு செய்யக் கேட்டு, அந்தச் செய்தியைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள்.

‘நீங்கள் இல்லையென்றால் இந்தப் பெரியவர்களை யார் பார்ப்பார்கள்?’ என்ற கேள்வி உங்களிடம் அடிக்கடி கேட்கப்படும். அந்தப் பெரியவர்கள்மேல் உங்களுக்குள்ள அன்பைப் பிடித்து இழுக்கும் கயிறு அது. ஆள் எடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அந்தக் கடமையின் பாரத்தை உங்கள் மனச்சாட்சியின்மேல் இறக்கிவைக்க நீங்கள் இசைய வேண்டியதில்லை. நாளை நீங்கள் முதுகு ஒடிந்து படுத்துவிட்டால் அந்தப் பெரியவர்களுக்கும் அதனால் நன்மை இல்லை.

நேரமும் சம்பளமும்

சீருடை மாற்றுவது, பொறுப்பு ஒப்படைப்புக்காகப் பதினைந்து நிமிடம் முன்னதாக வருவது, ஷிப்ட் முடிந்தபின் பதிவேடு எழுதுவது, கட்டாயப் பயிற்சிக்கு வருவது ஆகியவை பெரும்பாலும் கணக்கில் வராமல் போகும் நேரங்கள். நாளொன்றுக்கு அரைமணி நேரம் என்றால், மாதத்துக்கு 22 பணிநாளில் 11 மணிநேரம். ஒரு முழு ஷிப்டுக்கும் அதிகம். இதை நான்கு வாரம் குறித்துவைத்து, தொகையாகக் கணக்கிட்டு, சம்பளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். ‘தவறுதலாக விடுபட்டிருக்கலாம்’ என்று தொடங்கும் கடிதம், குற்றம் சாட்டும் கடிதத்தைவிட விரைவாகப் பதில் பெறும்.

இரவில் இல்லத்திலேயே தங்கி, அழைத்தால் எழ வேண்டும் என்ற ஏற்பாட்டில் அந்த நேரம் முழுவதும் வேலையா என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும் சிக்கலான கேள்வி. ஐரோப்பிய நீதிமன்றம் 2003இல், பணியிடத்திலேயே இருந்தாக வேண்டும் என்ற நிலையில் உறங்க அனுமதித்தாலும் அது வேலை நேரமே என்று மருத்துவர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் ஓய்வைக் கணக்கிடுவது வேறு, அந்த நேரத்துக்கு எவ்வளவு சம்பளம் என்பது வேறு. உங்கள் நாட்டு விதியைத் தெரிந்துகொள்ளும்வரை, ஒவ்வோர் இரவும் எத்தனை முறை எழுப்பப்பட்டீர்கள் என்று குறித்துவையுங்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு செவிலியப் பணியாளர்களுக்காக 1977இல் ஓர் உடன்படிக்கையையும் அதோடு ஒரு பரிந்துரையையும் நிறைவேற்றியது. செவிலியப் பராமரிப்பு அளிக்கும் எல்லா வகைப் பணியாளர்களையும் அவை உள்ளடக்குகின்றன என்பதால், ‘நீ நர்ஸ் அல்ல, வெறும் உதவியாள்’ என்ற பேச்சு அங்கே எடுபடாது. மிகைநேரத்தையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு ஷிப்டுகளுக்கு இடையே தொடர்ந்து 12 மணிநேர ஓய்வு வேண்டும், வார ஓய்வு எந்நிலையிலும் 36 மணிநேரத்துக்குக் குறையக் கூடாது என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. பரிந்துரை சட்டத்தைப் போல் கட்டுப்படுத்தாது என்றாலும், கோரிக்கை மனு எழுதும்போது மேற்கோள் காட்டத்தக்க அளவுகோல் அது.

நோய் விடுப்புக்குச் சம்பளம் கேட்கும்போது உங்கள் நலனை மட்டும் சொல்ல வேண்டியதில்லை. கோவிட் காலத்தில், 2020இல், இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்ட விவால்டி ஆய்வு, பணியாளருக்கு நோய்க்காலச் சம்பளம் தந்த இல்லங்களில் தொற்று குறைவாக இருந்ததையும், தற்காலிகப் பணியாளர்களை அடிக்கடி பயன்படுத்திய இல்லங்களில் அதிகமாக இருந்ததையும் காட்டியது. காய்ச்சலோடு வேலைக்கு வர நிர்ப்பந்திக்கப்படுபவர் அதை முதியவர்களின் அறைக்குள் கொண்டுசெல்கிறார். நிலையான வேலை தொற்றுத் தடுப்பின் ஒரு பகுதி என்று வாதிட உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது.

உடல்

முதுகுதான் இந்தப் பணியில் முதலில் போகிறது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல், நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் எடை 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று கணக்கிட்டுக் காட்டினார். வளர்ந்த மனிதர் ஒருவரின் எடையில் இது ஒரு சிறு பங்கு. அதாவது, தானாக எழ முடியாதவரைத் தனியாகத் தூக்குவது எந்த உத்தியைக் கற்றாலும் பாதுகாப்பானதாகாது. தூக்கு இயந்திரம், வழுக்கி நகர்த்த உதவும் துணி, இன்னொருவரின் கை ஆகியவற்றில் ஒன்று வேண்டும். இயந்திரம் பழுதென்றால் அதைப் பதிவேட்டில் எழுதுங்கள். ‘நேற்றே சொன்னோமே’ என்பதை மறுபடியும் எழுதுங்கள். விழும் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க முயலாமல், தலை அடிபடாதபடி மெல்லத் தரையில் இறக்கிவிடுவதே அவருக்கும் உங்களுக்கும் நல்லது.

வலி வந்த அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதி மருத்துவரைப் பாருங்கள். மூன்று வாரம் தைலம் தேய்த்துச் சமாளித்துவிட்டுப் பிறகு சொன்னால், அது வீட்டில் நேர்ந்த வலியாக மாற்றப்படும், இழப்பீடும் கிடைக்காது.

ஊசி குத்திவிட்டால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள், பிதுக்காதீர்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைக் கூடியவரை சில மணிநேரத்துக்குள்ளும், அதிகபட்சம் 72 மணிநேரத்துக்குள்ளும் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி உங்களுக்கு முழுமையாகப் போடப்பட்டுள்ளதா என்பதை வேலையில் சேரும்போதே உறுதிசெய்யுங்கள். அதற்கான செலவை இல்லம் ஏற்க வேண்டும் என்று கேட்பது நியாயமானது.

உறக்கத்தைக் கெடுக்கும் இரவுப் பணியை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் சேர்த்தது; 2019இல் மறுபடியும் ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. தொடர்ச்சியாக எத்தனை இரவுகள் என்பதை அட்டவணை போடுபவரோடு பேசிக் குறைத்துக்கொள்வதும், இரவு முடிந்த மறுநாளே பகல் ஷிப்ட் ஏற்காமல் இருப்பதும் ஆடம்பரக் கோரிக்கைகள் அல்ல.

அடியும் பழியும்

மறதி நோய் உள்ளவர் கிள்ளுவதும் அடிப்பதும் துப்புவதும் இந்தப் பணியில் நடக்கும். அவர்மேல் குற்றமில்லை என்பதால் அடி வலிக்காமல் போவதில்லை. ‘இதெல்லாம் இந்த வேலையில் சகஜம்’ என்ற பதிலை ஏற்காமல் ஒவ்வொரு முறையும் பதிவு செய்யுங்கள். எந்த நேரத்தில், எதைச் செய்தபோது, என்ன சொன்னபின் நடந்தது என்று எழுதினால், பல வேளைகளில் வலியோ பயமோ சிறுநீர்த் தொற்றோ காரணமாக இருப்பது மருத்துவருக்குத் தெரியவரும். அவர் அடிக்கும் நிலையில் இருந்தால் கைக்கு எட்டாத தூரத்துக்கு விலகி, அவர் விழாமல் பார்த்துக்கொண்டு உதவிக்கு அழையுங்கள். வேலையிட வன்முறைக்கு எதிரான 2019ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை, உடனடியான பெரும் ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளருக்கு அளிக்கிறது. உறவினர் போன்ற வெளியாரால் வரும் வன்முறையையும் அது கணக்கில் கொள்கிறது. மேலாளரிடமிருந்தோ உடன் பணியாற்றுபவரிடமிருந்தோ வரும் பாலியல் தொல்லைக்கும் அதே உடன்படிக்கை பொருந்தும்.

பணம் காணோம், நகை காணோம், உடலில் கன்றிப்போன தடம் இருக்கிறது என்ற பழிகள் பராமரிப்புப் பணியாளர்மேல்தான் முதலில் விழும். ஷிப்ட் தொடக்கத்தில் குளிப்பாட்டும்போதே காணும் தடங்களைப் பதிவேட்டில் எழுதுவதும், முதியவரின் பணத்தையோ பொருளையோ ஒருபோதும் தனியாகக் கையாளாதிருப்பதும், அன்பளிப்பு எதுவானாலும் மேலாளரிடம் தெரிவிப்பதும் உங்கள் காப்பு. பழி சுமத்தப்பட்டால் அந்த அறையிலேயே விளக்கக் கடிதம் எழுதித்தர ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள், பதில் தர அவகாசம் கேளுங்கள், உடன் ஒருவரை அழைத்துவர அனுமதி கேளுங்கள்.

வேலை போகும் என்று தெரிந்தால்

முதல் அறிகுறி பெரும்பாலும் கடிதமாக வராது. ஷிப்டுகள் குறையும், மெமோக்கள் கூடும். நீங்கள் புகார் கொடுத்த தேதிக்கும் ஷிப்ட் குறைந்த தேதிக்கும் இடையே உள்ள நாட்களை எண்ணி எழுதுங்கள். பழிவாங்கல் என்று நிறுவ அந்த இடைவெளியே முதல் சான்று.

‘ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கே நல்லது’ என்று சொல்லப்படும் அறையில் கையெழுத்திடாதீர்கள். தானாக விலகியவருக்கு இழப்பீடும் வழக்கும் பெரும்பாலும் இல்லாமல் போகும். எந்தத் தாளையும் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் இட வேண்டியிருந்தால், ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை’ என்று தேதியுடன் எழுதி நகல் வாங்குங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டுப் பணிநீக்க உடன்படிக்கை, தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், சங்கத்தில் சேர்ந்ததோ அதிகாரிகளிடம் புகார் செய்ததோ கர்ப்பமாக இருப்பதோ காரணமாகாது என்று வகுத்திருக்கிறது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் குறைவுதான். எனினும் ஏற்காத நாடுகள் பலவற்றின் சொந்தச் சட்டத்திலும் இதையொத்த பாதுகாப்புகள் உண்டு.

நாட்கணக்கை இங்கே தவறவிடக் கூடாது. ஜெர்மனியில் பணிநீக்கக் கடிதம் கைக்குக் கிடைத்த மூன்று வாரத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும்; மற்ற நாடுகளிலும் கெடு உண்டு. மனம் ஆறட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்து உரிமையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கடிதம் வந்த வாரத்திலேயே சங்கத்தையோ சட்ட உதவி மையத்தையோ பாருங்கள். இல்லம் விற்கப்பட்டால், அல்லது மூடப்பட்டு வேறு பெயரில் திறக்கப்பட்டால், பழைய பணிக்காலம் தொடருமா என்பதைப் புதிய தாளில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். ‘புதிய நியமனம்’ என்ற ஒரே சொல்லில் பத்தாண்டுப் பணிமூப்பு கரைந்துபோகலாம்.

வேறு நாட்டிலிருந்து வந்து பணிபுரிபவர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது, ஏனென்றால் அவர்களுக்கு வேலையோடு விசாவும் போகும். பாஸ்போர்ட்டைப் பாதுகாப்புக்காக என்று சொல்லியும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கருதுகிறது. வேலைக்கு எடுப்பதற்கான கட்டணத்தைத் தொழிலாளரிடம் வாங்கக் கூடாது என்பதும் அதன் கொள்கை. கட்டியிருந்தால் ரசீதையும் வங்கிப் பரிமாற்றச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். இல்லத்தை மாற்ற விரும்பினால், விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே விசா விதியை அறிந்த ஆலோசகரைப் பாருங்கள். வரிசை மாறினால் திரும்ப முடியாத நிலை வரலாம்.

இருவராகச் சேர்வது

தனியாகக் கேட்டவர் ‘பிரச்சினை செய்பவர்’ ஆகிறார். மூவர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் அது பணிநிலைக் கோரிக்கை ஆகிறது. சங்கம் அமைக்கும் உரிமை 1948ஆம் ஆண்டிலேயே சர்வதேச உடன்படிக்கையாகிவிட்டது. ஆனால் ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அரிது என்பதால், இந்தத் துறையில் அது எளிதாக நடப்பதில்லை. பொறுப்பு ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் பெரும்பாலும் சந்திப்பு. எல்லோருக்கும் பொதுவான சிறிய கோரிக்கை ஒன்றில் தொடங்குங்கள்: அட்டவணையை இரண்டு வாரம் முன்னதாகத் தருவது, பழுதான தூக்கு இயந்திரத்தைச் சரிசெய்வது போன்ற, நிர்வாகம் மறுக்கக் கூச்சப்படும் கோரிக்கை. செவிலியர், சமையலர், துப்புரவுப் பணியாளர், ஏஜென்சி ஆட்கள் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணியாளரையும் தற்காலிகப் பணியாளரையும் பிரித்துவைப்பதில்தான் சம்பளம் குறைக்கப்படுகிறது.

முதியவர்களின் குடும்பத்தினர் உங்கள் எதிரிகள் அல்லர். ‘அம்மாவுக்கு ஏன் இன்னும் குளிப்பாட்டவில்லை?’ என்று கோபப்படும் மகளிடம், அவருடைய அம்மாவைப் பற்றி மட்டும் பேசி, ஆள் எண்ணிக்கை பற்றிய கேள்வியை மேலாளரிடம் எழுத்தில் கேட்கலாம் என்று சொல்ல உங்களுக்குத் தடை இருக்காது. கட்டணம் கட்டும் குடும்பத்தின் ஒரு கடிதம், பணியாளரின் பத்துக் கடிதங்களைவிட வேகமாகப் படிக்கப்படுகிறது. முதியவர்களுக்குத் தீங்கு நேர்வதை உள்ளே சொல்லியும் பலனில்லை என்றால், இல்லத்துக்கு உரிமம் தரும் ஆய்வுத் துறையிடம் செல்லுங்கள். ஊடகத்திடம் முதலில் போவதைவிட அதற்கே சட்டப் பாதுகாப்பு அதிகம்.

இவ்வளவுக்கும் பிறகு விலக முடிவெடுத்தால், வேறு இடத்தில் நியமன ஆணை கைக்கு வந்தபின் முன்னறிவிப்புக் காலத்தை முழுமையாக நிறைவுசெய்து விலகுங்கள். பணிச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவு, கடைசிச் சம்பளச் சீட்டு, எடுக்காத விடுப்புக்கான தொகை ஆகியவற்றை ஒரே கடிதத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி ஷிப்டின் பொறுப்பு ஒப்படைப்பை மட்டும் வழக்கத்தைவிடச் சற்று நீளமாகச் செய்யுங்கள்: யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் வலிக்காது, யார் சட்டையின் இடக்கையை முதலில் நுழைத்தால் ஒத்துழைப்பார், யாருக்கு விளக்கை அணைத்தால் பயம் என்பவற்றை இல்லத்தின் பதிவேட்டிலேயே எழுதி, அடுத்து வருபவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுக் கையொப்பமிடுங்கள்.